இன்றைக்கு எத்தனையாவது மாடி

அம்மா விமானம் ஏறிப்போன மறுநாள் காலை அப்பா அடுப்புக்கு முன்னால் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. லிஃப்ட் கம்பெனியின் சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையில் டெஸ்டரைச் செருகியபடி, பழுதான மோட்டாரைப் பார்ப்பதுபோல அடுப்பிலிருந்த பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுவரை அவர் அந்த அடுப்படிக்குள் வந்ததெல்லாம் பல்பு மாற்றத்தான்.

அம்மா ஒரு நர்ஸ். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஆஸ்பத்திரியில், கடல் கடந்த ஊரில், மூன்று வருட வேலை கிடைத்திருந்தது. போவதற்கு முன் அலமாரியில் ஓட்ஸ் பாக்கெட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்தாள்.

"தண்ணி கொதிச்சதும் போடுங்க, கெட்டியானதும் இறக்குங்க. இதைவிடச் சுலபமா ஒண்ணு கிடையாது. உங்களாலயே முடியும்" என்றாள்.

அந்த 'உங்களாலயே' எந்த அர்த்தத்தில் சொல்லப்பட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும்தான்.

முதல் நாள் ஓட்ஸில் என் தங்கை கரண்டியை நட்டு வைத்தாள். அது விழவில்லை. அவளுக்கு அப்போது ஆறு வயது இருக்கும். உருண்டையாக இருந்ததால் எல்லோருக்கும் அவள் பட்டாணி.

"அப்பா, இதை வெச்சு போஸ்டர் ஒட்டலாம்" என்றாள் பட்டாணி.

அப்பா ஒரு வாய் எடுத்து வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆனாலும் தன் கிண்ணத்தைக் கடைசிவரை வழித்துச் சாப்பிட்டார். எங்கள் கிண்ணத்தில் மிஞ்சியதையும் அவரேதான் சாப்பிட்டார். "செஞ்சவன் சாப்பிட்டுத்தான் ஆகணும். அதான் நியாயம்" என்றார். அன்று நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனது பிஸ்கட் தின்றுகொண்டே.

வேறு யாராவது என்றால் ரொட்டிக்கும் ஜாமுக்கும் மாறியிருப்பார்கள். அப்பா வேலை செய்த விதம் வேறு. நின்றுபோன லிஃப்டை அவர் திட்டியதே இல்லை. எங்கே தப்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வருவார். ஓட்ஸையும் அப்படித்தான் பார்த்தார். கொதிக்கிற தண்ணீரில் கொட்டியதால் கட்டி தட்டியதா? மறுநாள் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு மெல்லச் சூடாக்கினார். பாலைத் தொடக்கத்திலேயே ஊற்றியதால் அடி பிடித்ததா? அதற்கடுத்த நாள் கடைசியில் ஊற்றினார். உப்பை ஒரு சிட்டிகை, இனிப்புப் போடுகிற அன்றும் சேர்த்தே ஆக வேண்டும் என்று கண்டுபிடித்த காலையில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே; ஒரு கட்டடத்துக்கே கரண்ட் வந்தாற்போல் இருந்தது.

வறுக்கிற விஷயம் தானாக அமைந்தது. ஒரு நாள் வாணலியில் ஓட்ஸைக் கொட்டியவர், தண்ணீர் ஊற்றுவதற்குள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஏதோ துணிக்கடையில் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்களாம். எந்த ஸ்விட்சை எப்படி அழுத்துவது என்று அப்பா போனிலேயே சொல்லிக் கொடுத்தார். திரும்பிப் பார்த்தால், வாணலியில் ஓட்ஸ் பொன்னிறமாகியிருந்தது. கருகவில்லை. வீடெல்லாம் வேர்க்கடலை வறுத்த மாதிரி ஒரு மணம். பட்டாணி தூக்கத்திலிருந்து எழுந்து அந்த மணத்தின் பின்னாலேயே அடுப்படிக்கு வந்து நின்றாள். அன்றிலிருந்து வறுக்காமல் எங்கள் வீட்டில் ஓட்ஸ் வெந்ததில்லை.

மாடிக் கணக்கு எப்போது ஆரம்பித்தது என்று சரியாக நினைவில்லை. பட்டாணிதான் ஆரம்பித்திருக்க வேண்டும். பாலும் சர்க்கரையும் மட்டும் போட்டால் அது தரைத்தளம். அதில் வாழைப்பழத்தை மசித்துப் போட்டால் முதல் மாடி. ஆப்பிளைத் துருவிப் பட்டைப் பொடி தூவியது இன்னும் கொஞ்சம் மேலே. வெங்காயத்தையும் தக்காளியையும் வதக்கி, மிளகு தட்டிப் போட்டு, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் ஐந்தாவது மாடி. எனக்கு அதுதான் உயிர். கோகோவும் உலர்திராட்சையும் போட்டது பட்டாணியின் மாடி. தயிரில் ராத்திரியே ஊறவைத்துக் காலையில் அடுப்பே இல்லாமல் சாப்பிடுவதற்கு 'படிக்கட்டு' என்று பெயர், லிஃப்ட் வேலை செய்யாத நாளைக்கு. ஞாயிற்றுக்கிழமை கைக்குக் கிடைத்ததெல்லாம் விழும். அது மொட்டை மாடி.

"இன்னைக்கு எத்தனையாவது மாடி போகணும்?" என்று அப்பா கரண்டியைப் பிடித்துக்கொண்டு கேட்பார், லிஃப்டுக்குள் நிற்கிற ஆள் மாதிரி.

ஒருமுறை பட்டாணிக்கு நெருப்பாய்க் காய்ச்சல். எதைக் கொடுத்தாலும் வாந்தி. அப்பா ஓட்ஸைத் தண்ணீராகக் கரைத்துக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, உப்பு மட்டும் போட்டு எடுத்துவந்தார். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு நாம பேஸ்மென்ட்டுக்குப் போறோம். அங்க இருட்டா இருக்கும், ஆனா குளுகுளுன்னு இருக்கும்" என்றார். அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்து, வாயைத் திறந்தாள். கரண்டி கரண்டியாக அத்தனையும் உள்ளே போயிற்று.

அம்மா வாரம் ஒருமுறை போனில் பேசுவாள். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி.

"ஓட்ஸ்மா."

"தினமுமா?"

"தினமும்."

அத்தோடு பேச்சை மாற்றிவிடுவாள். பிறகு பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்பாள். மாடிக் கணக்கைச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. போனில் சொன்னால் அது ஒரு கதையாகவே இருந்திருக்காது.

மூன்று வருடம் முடிந்து அம்மா வந்தாள். மெலிந்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். பட்டாணி இப்போது பட்டாணியாக இல்லை, நெட்டையாக வளர்ந்திருந்தாள், பல் விழுந்திருந்தது. அம்மா அவளைத் தூக்கப் பார்த்து, முடியாமல், அப்படியே இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் விடியும் முன்பே அடுப்படியில் சத்தம். எழுந்து வந்து பார்த்தால் மேஜை நிறைய வெண்ணெயில் பொரித்த ரொட்டி, முட்டை, உருளைக்கிழங்கு வறுவல், பழச்சாறு. மூன்று வருடத்து அம்மாவை ஒரே காலையில் பரிமாறிவிட வேண்டும் என்பது போல் இருந்தது. நாங்கள் வயிறு முட்டச் சாப்பிட்டோம். அடுத்த நாளும் அதேபோல். அதற்கடுத்த நாளும்.

அப்பாதான் திண்டாடினார். வழக்கம்போல முதலில் எழுந்து அடுப்படி வாசல்வரை போவார். அம்மா, "நீங்க போய் உட்காருங்க, இத்தனை நாள் கஷ்டப்பட்டது போதும்" என்று சொல்லுவாள். அன்பாகத்தான் சொல்லுவாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரிப்பார். ஆனால் அவர் பக்கம் புரட்டி நான் பார்க்கவில்லை. மிஞ்சிய ஓட்ஸ் பாக்கெட்டுகளை அம்மா மேல் பரணுக்கு ஏற்றிவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் எனக்குக் கணக்குப் பரீட்சை. அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் காதருகே போய், "அப்பா, இன்னைக்கு மட்டும் அஞ்சாவது மாடி" என்றேன். மெல்லத்தான் சொன்னேன். ஆனால் எங்கள் வீட்டில் அடுப்படிக்கும் வாசலுக்கும் ஓர் எட்டு வைத்தால் இடித்துக்கொள்கிற தூரம்தான்.

"அஞ்சாவது மாடியா? இந்தக் கட்டடமே மூணு மாடிதானே?" என்று கேட்டபடி அம்மா வெளியே வந்தாள்.

பட்டாணிக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. எனக்கும் தொற்றிக்கொண்டது. அப்பாகூட உதட்டைக் கடித்தார். அம்மா எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். எதற்குச் சிரிப்பது என்று தெரியாமல் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

அப்பா விளக்கிச் சொன்னார். வாய்விட்டுச் சொன்னபோது அது அவ்வளவு வேடிக்கையாக இல்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, அதுக்கென்ன, நானே செஞ்சு தர்றேன்" என்றாள். நாற்காலியைப் போட்டு ஏறி, பரணிலிருந்து பாக்கெட்டை எடுத்தாள்.

வெங்காயம் வதங்கியது, தக்காளி விழுந்தது. அப்பா இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். வறுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கிண்ணம் வந்தது. நான் சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். ஆனால் பட்டாணிக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒரு வாய் வாங்கியவள், "அப்பா பண்றது மாதிரி இல்ல" என்றாள்.

அம்மா கரண்டியைத் தொட்டியில் வைத்தாள். போடவில்லை, மெதுவாகத்தான் வைத்தாள். வாளியில் இருந்த ஈரத்துணிகளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

அப்பா பின்னாலேயே போனார். நான் பரீட்சை நினைப்பே இல்லாமல் கதவோரம் நின்றேன்.

"சின்னப் பிள்ளை, தெரியாம சொல்லுது" என்றார் அப்பா.

"அவ சரியாத்தான் சொல்றா." அம்மா ஒரு சட்டையை உதறினாள். "எனக்கு அந்த வாசனையே ஆகாதுங்க."

"எந்த வாசனை?"

"ஓட்ஸ்." இன்னொரு துணியை எடுத்தாள். "அங்க காலையில வார்டு முழுக்க அதான். ஒருத்தர் ஒருத்தரா ஊட்டணும். துப்புவாங்க, தட்டிவிடுவாங்க, சில பேர் அழுவாங்க. எல்லாருக்கும் ஊட்டி முடிச்சிட்டு, பாத்திரத்தோட அடியில மிஞ்சினதை நின்னுக்கிட்டே நான் சாப்பிடுவேன். ஆறிப்போயி, தோல் கட்டி இருக்கும். உப்பும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. மூணு வருஷமும் அதான் எனக்குக் காலைச் சாப்பாடு. நீங்க போன்ல ஓட்ஸ்னு சொல்லும்போதெல்லாம், பிள்ளைங்களும் அதையேதான் விழுங்குதுன்னு நினைச்சுப் பேச்சை மாத்திடுவேன். வந்ததும் முதல் வேலையா இதை நிறுத்தணும்னுதான் இருந்தேன். வந்து பார்த்தா நீங்க அதை வெச்சுத் திருவிழா நடத்திக்கிட்டு இருந்திருக்கீங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முகத்தை அந்த ஈரத்துணியில் துடைத்துக்கொண்டாள்.

அப்பா அவள் கையிலிருந்த துணியை வாங்கிக் கொடியில் போட்டார். "வா, வந்து உட்காரு" என்றார்.

"வேணாங்க."

"உட்காரு. உப்பா, இனிப்பா?"

அம்மா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "தெரியல. என்னை யாரும் கேட்டதில்ல" என்றாள்.

அப்பா வாணலியை வைத்தார். துளி வெண்ணெய் விட்டு, ஓட்ஸை நிதானமாக வறுத்தார். அன்று அவர் செய்தது எங்கள் மாடி எதிலும் சேராதது. கொஞ்சம் பால், பொடியாக நறுக்கிய பேரீச்சம்பழம், ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறி எடுத்த ஒரு சிட்டிகை. ஆவி பறக்கக் கொண்டுவந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் முன்னால் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அம்மா மூன்று கரண்டி சாப்பிட்டாள். நான்காவதை எடுத்து, வாய் அருகே கொண்டுபோய், கீழே வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. சத்தியமா நல்லா இருக்கு. ஆனா என்னால முடியலங்க."

"முடியலன்னா விடு" என்றார் அப்பா. கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, நின்றபடியே சாப்பிடத் தொடங்கினார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உட்கார்ந்து சாப்பிடுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஏற்பாடு தானாக அமைந்தது. அடுப்பு அப்பாவுக்கு, டோஸ்டர் அம்மாவுக்கு. எங்களுக்கு ஓட்ஸ், அவளுக்கு ரொட்டியும் முட்டையும். அவள் முன்னால் தட்டை வைப்பது பட்டாணியின் வேலை. அம்மா எழுந்து உதவப் போனால், "நீங்க போய் உட்காருங்க" என்று அப்பா அவள் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்.

இன்று எனக்கு என் வீடு, என் அடுப்பு. கடையில் இப்போது பழம் போட்டது, மசாலா போட்டது என்று ஓட்ஸ் விதவிதமாகப் பாக்கெட்டில் வருகிறது. வெந்நீர் ஊற்றினால் போதும். வாங்கிப் பார்த்தேன். மோசமில்லை. ஆனால் அந்த வருடங்களை நினைக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ருசிகூட இல்லை, அந்த மேஜைதான்.

அங்கே உட்கார்ந்துதான் அம்மா பேச ஆரம்பித்தாள். அதுவரை போன ஊரைப் பற்றி அவள் எங்களிடம் ஒன்றுமே சொன்னதில்லை. குளிர், நல்ல ஆளுங்க, அவ்வளவுதான். ஒரு நாள் காலை, அப்பா கிளறிக்கொண்டிருந்தபோது, ரொட்டியைப் பிய்த்தபடி தானாகவே சொன்னாள்.

"அந்த வார்டுல ஒரு தாத்தா இருந்தார். கப்பல்ல சமையல்காரரா இருந்தவராம். நான் ஓட்ஸ் எடுத்துட்டுப் போனா, கரண்டியை வாங்கி எனக்குத்தான் முதல்ல ஊட்டுவார். நான் ஒரு வாய் சாப்பிட்டாத்தான் அவர் ஒரு வாய் சாப்பிடுவார்."

"ஏம்மா? விஷம் இருக்கும்னு பயமா?" என்றாள் பட்டாணி.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் ஒரு நாள் அவரே சொன்னார்."

"என்ன சொன்னார்?"

அப்பா அடுப்பைத் தணித்துவிட்டு, கரண்டியோடு வந்து உட்கார்ந்தார். அம்மா ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "'கப்பல்ல எல்லாருக்கும் போட்டுட்டு, மிச்சத்தை நின்னுக்கிட்டே தின்னவன் நான். ஊட்டுறவ பட்டினியா நிக்கக் கூடாது'ன்னார்" என்று அந்தத் தாத்தாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவர் கப்பலைப் பற்றி, அவர் கை நடுக்கத்தைப் பற்றி, ஜன்னலுக்கு வெளியே நாள் முழுக்கப் பெய்த மழையைப் பற்றி. கீழே பள்ளி வண்டி வந்து ஹாரன் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.