ஞானையன் வாங்காத பட்டைவாள்

1932ஆம் ஆண்டு பிப்ரவரி எட்டாம் தேதி, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, திருவனந்தபுரம் குன்னுக்குழியில் மரவேலைக்காரர் ஞானையனின் வீட்டின்மேல் மரத்தூள் விழத் தொடங்கியது. பக்கத்து வீடுகளில் விழவில்லை. அவருடைய வேலிக்கு உள்ளே மட்டும், காற்றடித்தாலும் சாயாமல், சல்லடையில் சலித்த மாவைப்போல நேராக இறங்கியது. பன்னிரண்டு மணிக்கு நின்றது. ஒரு மணிக்கு மறுபடி தொடங்கி ஐந்து மணிவரை விழுந்தது. அந்த வாரம் சாலைக் கடைத்தெருவில் தேங்காய் விலை மேலும் இறங்கியிருந்தது. விழிஞ்ஞத்திலிருந்து நெத்திலி ஏராளமாக வந்தது. தூள் எங்கிருந்து வருகிறது என்று ஞானையன் யாரிடமும் விசாரிக்கவில்லை. மூன்று மைல் தள்ளி, கரமனையில், அவருடைய மைத்துனன் தங்கப்பனின் கொட்டகையில் ஒரு பட்டைவாள் அன்று காலை எட்டு மணிக்குத்தான் ஓடத் தொடங்கியிருந்தது. அது ஞானையன் வாங்கியிருக்க வேண்டிய வாள்.

அந்த மிஷினைத் தம்பானூரில் ரயில் நிலைய வேலைக்காக ஒரு காண்டிராக்டர் கொண்டுவந்திருந்தார். மேலும் கீழுமாக இரண்டு இரும்புச் சக்கரங்கள், அவற்றைச் சுற்றி ஓடும் பல் வைத்த எஃகுப் பட்டை, மரத்தை வைத்துத் தள்ளுவதற்கு நடுவில் ஒரு மேடை. நாற்காலிக் கையின் வளைவைக் கைவாளால் அறுத்தெடுக்க ஞானையனுக்கு அரை நாள் ஆகும். மிஷின் அதை வெற்றிலை போட்டு முடிக்கும் நேரத்தில் அறுத்துத் தரும். வேலை முடிந்து காண்டிராக்டர் கொல்லத்துக்குப் புறப்பட ஏற்பாடானபோது, அதை விற்கும் பொறுப்பைத் தன் குமாஸ்தா, ஸ்ரீவராகம் பஞ்சாபகேசனிடம் விட்டார். விலை இருநூற்று நாற்பதில் ஆரம்பித்து இருநூற்றுப் பத்து ரூபாயில் வந்து நின்றது. ஓட்டுவதற்கு எண்ணெய் எஞ்சினை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். நாற்பத்தொரு வயதாகியும் ஞானையன் பாளையத்தில் ஒரு மேசை நாற்காலிக் கடையில் தினக்கூலிக்காரர். வீட்டில் இருந்தது இருநூற்றுப் பதினாலு ரூபாய், அதில் முக்கால் பங்கு அவர் மனைவி ரத்னாபாய் லேஸ் பின்னிச் சேர்த்தது. மிஷன் பள்ளியில் படித்த காலம் முதல் இருபத்திரண்டு வருஷமாக அவள் தலையணைமேல் குண்டூசிகளைக் குத்தி, நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, வெள்ளை நூலில் பூப்பூவாகப் பின்னிக்கொண்டிருந்தாள். இப்போது ஒவ்வொரு ஊசியும் அவளுக்கு இரண்டாகத் தெரிந்தது. சொந்தப் பட்டறை வந்தால் அவள் பின்னுவதை விட்டுவிடலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

ஞானையன் நல்ல வேலைக்காரர், அதுதான் சங்கடம். முதல் தடவை பார்த்தபோதே கீழ்ச் சக்கரத்தின் ரப்பர் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். இரண்டாம் தடவை, அடிச்சட்டத்தில் ஒரு விரிசலில் மக்குப் பூசிச் சாயம் அடித்திருப்பதைக் கண்டுபிடித்தார். மூன்றாம் தடவை சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். மேல் சக்கரம் ஏழு சுற்றுக்கு ஒரு தரம் முனகியது. இவை ஒவ்வொன்றையும் அவர் ஒவ்வொருவரிடம் எடுத்துக்கொண்டு போனார். சாலைக் கடைத்தெருவின் கடைசல் பட்டறைக்காரர் வாங்கு என்றார். கடை முதலாளி வேண்டாம் என்றார். போதகர் ஜெபம் பண்ணச் சொன்னார். டீக்கடையில் பாதிப் பேர் வாங்கு என்றும் பாதிப் பேர் இன்னும் விலை இறங்கும் என்றும் சொன்னார்கள். நாற்பது நாளில் குன்னுக்குழி சபையில் கைக்குழந்தைகளைத் தவிர எல்லோருக்கும் இருநூற்றுப் பத்து என்ற தொகை மனப்பாடமாகிவிட்டது. எட்டாம் தடவை போனபோது பஞ்சாபகேசன் குடையை மடக்கிக்கொண்டே கேட்டார்:

"ஓய் ஞானையா, பொண்ணு பாக்க வரவன்கூட ஒரு தரம் பாத்துட்டு பதில் சொல்லிடறான். நீர் எட்டாம் தரம் வந்து பல்லை எண்ணிண்டிருக்கீர். எத்தனை பல்லு இருக்காம்?"

"பல்லு இல்ல சாமி, ரப்பராக்கும் பாக்கேன். தேஞ்சு போச்சு."

"தேஞ்சதனாலதானய்யா இருநூத்திப் பத்து. தேயாதது வேணும்னா சீமையிலேர்ந்து கப்பல்ல வரவழையும். சனிக்கிழமைக்குள்ள சொல்லும், அப்புறம் இது கொல்லம் போயிடும், கேட்டீரா?"

அன்று மாலை ரத்னாபாய் அவருக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "சக்கரத்துல ரப்பரு தேஞ்சிருக்குன்னு நாப்பது நாளா சொல்லுறீங்க. எனக்க கண்ணும் தேஞ்சுதான் கெடக்கு. ரெண்டுல எது மொதல்ல தீருதுன்னு பாத்துட்டு இருக்கப் போறீங்களா?" என்றாள். ஞானையன் கஞ்சியைக் குடித்து முடித்தார். பிறகு, நாளைக்கு ஆராதனை முடிந்ததும் நேராகத் தம்பானூர் போய் ரூபாயைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக ஒரு முடிவு சொன்னது அதுவே முதல் தடவை என்பதால் ரத்னாபாய் உடனே எழுந்து, பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து, அவருடைய கோட்டின் உள்பையில் வைத்துக் குண்டூசி குத்தினாள்.

மறுநாள் வியாழக்கிழமை, சபையின் ஸ்தோத்திரப் பண்டிகை. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் தோட்டத்தில் முதலில் விளைந்ததைக் கொண்டுவந்து கோவிலில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விட்டுப் பணத்தைச் சபைக்குச் சேர்ப்பார்கள். முதல் ஏலம் எப்போதும் ஏத்தன் வாழைக்குலை. எட்டணா பெறாத குலையை யாராவது பத்து ரூபாய்க்கோ பதினைந்துக்கோ எடுப்பார்கள், எடுத்தவருடைய பெயர் ஒரு வருஷம் பேசப்படும். அந்த வருஷம் போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் குலையைத் தூக்கிப் பிடித்ததும் தங்கப்பன் இருபது என்றான். அவன் ரத்னாபாயின் தம்பி, கரமனையில் பலகை வியாபாரம், வாய் கொஞ்சம் நீளம். எல்லோரும் ஞானையனைப் பார்த்தார்கள். ஞானையன் குலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான்ட்ட கேக்காண்டாம்!" என்றான் தங்கப்பன். "அவரு குலையில எத்தன காய் இருக்குன்னு எண்ணி, ரப்பரு தேஞ்சிருக்கான்னு பாத்து, ஊருபூரா விசாரிச்சு, அடுத்த வருசப் பண்டிகைக்காக்கும் பதில் சொல்லுவாரு."

ஆண்கள் பக்கம் சிரித்தது. பெண்கள் பக்கமும் சிரித்தது. ஞானையன் திரும்பிப் பார்த்தபோது ரத்னாபாய் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அப்போது அவர் எழுந்து நின்று, நாற்பது நாளாக நாக்கில் இருந்த தொகையைச் சொன்னார். "இருநூத்திப் பத்து."

உபதேசியாருக்கு ஒரு தரம், இரண்டு தரம் சொல்லவும் மறந்துபோயிற்று. ஞானையன் குண்டூசியைக் கழற்றி, முடிச்சை அவிழ்த்து, பணத்தைத் தட்டில் வைத்தார். போதகர் அவரைத் தூணருகே அழைத்துப்போய், "இருபது ரூபா இருக்கட்டும், மீதியை எடுத்துட்டுப் போ, ஞானையா. கர்த்தர் உன் மனசைப் பாத்தாரு, அது மதி, போதும்" என்றார். ரத்னாபாய் ஐந்தடி தள்ளி நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கை நீட்டினால் போதும். "சன்னிதியில வெச்சது வெச்சதாக்கும், ஐயா" என்று ஞானையன் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் குலையைத் தோளில் ஏற்றினார். வீடுவரை ரத்னாபாய் அவர் பின்னால் நடந்தாள். வேலிப்படலைத் திறக்கும்போது மட்டும், "நாப்பது நாளு எல்லார்ட்டயும் கேட்டீங்க. இதுக்கு மட்டும் யார்ட்டயும் கேக்கல்லியே" என்றாள். காய் ஐந்தாம் நாள் பழுத்தது. அவள் ஒரு பழம்கூட வாயில் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே தங்கப்பன் வந்து முற்றத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "விளையாட்டுக்குச் சொன்னேன், அக்கா."

"தெரியும் லே. நானும்தானே சிரிச்சேன்" என்றாள் ரத்னாபாய். "நீ போயி அந்த மிஷின வாங்கு. கொல்லத்துக்குப் போயிட்டா போனதுதான். நம்ம ஆளுக கையில இருந்தா, இருக்குன்னாவது தெரியும்." தங்கப்பன் சனிக்கிழமை அதை வாங்கிக் கரமனைக்குக் கொண்டுபோனான். திங்கட்கிழமை காலை தூள் விழுந்தது. கரமனையில் மிஷினுக்கு அடியில் ஒரு சிட்டிகைத் தூளும் இல்லை. எவ்வளவு அறுத்தாலும் தரை கழுவிவிட்டதுபோல இருந்தது.

முதல் மாதம் ஞானையன் தூளைப் பெருக்கி வாய்க்காலில் கொட்டினார். அது லேஸின்மேல் விழாமல் இருக்க ரத்னாபாய் தலையணைக்கு மேலே வேட்டி கட்டிப் பார்த்தாள், அறைக்குள் கதவைச் சாத்தி உட்கார்ந்து பார்த்தாள். ஓடு வேய்ந்த கூரை தூளுக்கு ஒரு தடையாக இல்லை. பலாத்தூள் விழுந்த அன்று நூல் மஞ்சளாயிற்று. ஈட்டிமரத் தூள் விழுந்த அன்று பழுப்பாயிற்று. மூன்றாம் தடவை லேஸைத் திருப்பிக் கொடுத்தபோது, அதை வாங்கி விற்றுவந்த மிஷன் மிஸ்ஸியம்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கொடுத்தார். ரத்னாபாய் தலையணையைப் பரணில் போட்டாள். பட்டைவாள் வந்தால் பின்னுவதை விட்டுவிடலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். ஒரு விதத்தில் அது நடந்துவிட்டது. விட்ட பிறகும் கண் திரும்பி வரவில்லை. வருஷா வருஷம் இன்னும் கொஞ்சம் மங்கியது.

பிறகு தூளுக்கும் ஆள் வந்தது. தகர டப்பாவில் அடைத்து எரிக்கும் அடுப்புக்கு மரத்தூள் நன்றாக நின்று எரியும் என்பதால் தம்பானூர் ஹோட்டல்காரர்கள் கூடையோடு வந்தார்கள், கூடைக்குத் திருவிதாங்கூர்க் காசில் மூன்று சக்கரம். ரத்னாபாய் தூளை விரல்களில் தேய்த்து, முகர்ந்து, கரமனையில் என்ன வேலை நடக்கிறது என்று சொல்லிவிடுவாள். 1934இல் ஒரு மாதம் முழுக்கத் தேக்கு விழுந்தது. யாரோ பெரிய வீடு கட்டுகிறார்கள் என்றாள். 1937இல் அஞ்சிலி மரத்தூள் விழுந்தது, வள்ளம் கட்டுகிறார்கள் என்றாள். ஒரு நாள் காலை மட்டும் மெல்லிய பலாத்தூள் விழுந்து பத்து மணிக்கே நின்றது. தொட்டில் என்றாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. யுத்தம் வந்தபின் பெட்டிகளுக்கு அறுக்கும் மட்ட மரமாக விழுந்தது. அதற்கு வாசனையே கிடையாது. ஞானையன் அதே கடையில் அதே கூலிக்கு நாற்காலிக் கைகளைக் கைவாளால் அறுத்துக்கொண்டிருந்தார். தினமும் மாலை வீடு வந்ததும், குடும்ப ஜெபத்துக்கு முன்னால், ஈரத்துணியால் அவள் தலையிலிருந்தும் புருவத்திலிருந்தும் தூளைத் துடைத்துவிடுவார். அவள் முகத்தை உயர்த்திக் கொடுப்பாள். பதின்மூன்று வருஷம் அது நடந்தது. அந்தப் பண்டிகையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

1945 ஆகஸ்டில் தூள் நின்றது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, "வாளுக்கு என்னமோ ஆயிட்டு. போயிப் பாத்துட்டு வாங்க" என்றாள் ரத்னாபாய். ஞானையன் கரமனைக்குப் போனார். தங்கப்பன் கரெண்டில் ஓடும் புது மிஷின் வாங்கியிருந்தான்; அதன் தூள் எல்லா மிஷின்களின் தூளையும்போல அதன் காலடியிலேயே குவிந்து கிடந்தது. பழையது மூலையில் நின்றது. பழைய இரும்புக்காரர் முப்பத்தைந்து ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார், நாளை வந்து உடைத்து எடுத்துப்போவார் என்று தங்கப்பன் சொன்னான். ஞானையன் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை, காதை வைத்துக் கேட்கவில்லை. வாளைப் பழுதுபார்க்க ஆகும் என்று கொண்டுவந்திருந்த, தூள் விற்ற பணத்தை மடியிலிருந்து எடுத்து எண்ணி வைத்தார்.

"இது இனி அதிக நாள் ஓடாது, அத்தான். யார்ட்டயாவது ஒரு வார்த்தை கேக்கண்டாமா?" என்றான் தங்கப்பன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

"வேண்டாம்."

வண்டி கிளம்பியபோது தங்கப்பன் தெருமுனைவரை கூடவே நடந்து வந்தான். அவனுக்கு முதல் சோறு போட்ட மிஷின் அது.

ரத்னாபாய்க்கு அப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். வண்டியிலிருந்து இறக்கியதும் அவள் வந்து கையால் தடவிப் பார்த்தாள். மேடை, சட்டம், மேல் சக்கரம், குனிந்து கீழ்ச் சக்கரம். இரண்டு கைகளையும் விரித்து அகலத்தை அளந்தாள். "இவ்வளவுதானா?" என்றாள். "நான் இத்தன வருசமா ஒரு யானை அளவுக்கு நெனச்சிட்டிருந்தேன்."

"நான் தப்புப் பண்ணிட்டேன், ரத்னா" என்றார் ஞானையன். "அண்ணைக்கு அந்த ரூபாயைத் திருப்பித் தந்தப்பவாவது வாங்கியிருக்கணும். நீ நிக்கியதைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் வேண்டாம்னு சொன்னேன்."

அவள் விரல்கள் கீழ்ச் சக்கரத்தின் விளிம்பில் சிறிது நேரம் ஓடின. "ரப்பரு தேஞ்சுதான் இருக்கு. நீங்க பொய் சொல்லல்ல" என்றாள்.

எஞ்சின் கிடைக்க அக்டோபர் ஆகிவிட்டது. அவளுக்கு ஒரு சாய்வு நாற்காலி பண்ணுவதற்காக ஞானையன் ஒரு பலாப்பலகையை மேடையில் வைத்தார். ஐம்பத்துநான்கு வயதில் அவர் கைக்கு அது பழகாத மிஷின். வெற்றிலை போடும் நேரத்து வேலைக்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. ரத்னாபாய் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தூள் கொட்ட வேண்டிய இடத்தில் கையைக் குழித்து நீட்டினாள். ஒன்றும் விழவில்லை. கூரைக்கு மேலிருந்தும் விழவில்லை. வெகுநேரம் நீட்டி வைத்திருந்து, எஞ்சின் நின்றபின் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மாலையில் தங்கப்பன் சைக்கிளில் வந்தான். தலையிலும் தோளிலும் சட்டைப்பையிலும் தூள். காலை முழுவதும் வீட்டுக்குள் விழுந்தது, கொட்டகையில் இல்லை, பக்கத்து வீட்டில் இல்லை, மனைவி ஜெயபாய் பாத்திரங்களையெல்லாம் கவிழ்த்து வைத்திருக்கிறாள் என்றான். ரத்னாபாய் அவனைக் குனியச் சொல்லி, தோளிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்து முகர்ந்தாள்.

"பிலா" என்றாள். "நம்ம வாளுதான்."

ஞானையன் ஈரத்துணியை எடுத்துவந்து மைத்துனனின் தலையைத் துடைத்துவிட்டார். மறுநாள் தூள் உண்டா என்று கேட்டு வந்த ஹோட்டல்காரர்களுக்கு ரத்னாபாய் கரமனைக்கு வழி சொல்லி அனுப்பினாள். தம்பானூரிலிருந்து தூரம் அதிகம் என்பதால், கூடைக்கு அரைச் சக்கரம் குறைத்து வாங்கும்படி தம்பிக்கும் சொல்லிவிட்டாள்.