பாஸுக்குத் தெரியாது, பாஸ்

மலேசியாவின் தைப்பிங் ஊரில் பாஸ் ஆவதற்குக் கடை வேண்டாம், காசு வேண்டாம். எவன் எதிரிலாவது போய் நின்றால் போதும். கோப்பி கொண்டுவருகிறவன் பாஸ், அதைக் குடிக்கிறவனும் பாஸ். அபராதச் சீட்டு எழுதுகிற போலீஸ்காரர் பாஸ். வண்டி நிறுத்த இடம் காட்டிவிட்டுக் கையை நீட்டுகிறவனும் பாஸ்தான். பெயர் தெரியாதவனைக் கூப்பிட, விலையைக் குறைக்க, மன்னிப்புக் கேட்க, 'கொஞ்சம் தள்ளி நில்லு' என்பதற்குப் பதிலாகச் சொல்ல, எல்லாவற்றுக்கும் அந்த ஒற்றை வார்த்தைதான்.

டயர் கடை ஹோக் செங்குக்கு இதில் காது பழகியிருந்தது. பேரம் பேச வருகிறவனின் பாஸ் இழுத்துக்கொண்டு வரும். போலீஸ்காரருக்கான பாஸ் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். கோப்பிக்காரனைப் பார்த்து எறிகிற பாஸ் தெருவையே எழுப்பும். சம்பளம் கொடுக்கிறவருக்கென்று ஒரு பாஸ் உண்டு. அதில் அவசரமும் இருக்காது, குழைவும் இருக்காது. அவருடைய வேலையாள் ரொஸ்லான் இத்தனை வருடமாக அவருக்குச் சொல்லிவந்தது அந்த பாஸைத்தான்.

ஒருநாள் காலை, வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, அதே பாஸை ரொஸ்லான் வேறு யாருக்கோ சொன்னான். டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு எடுத்து அனுப்பிடறேன், பாஸ். இல்ல இல்ல, பாஸுக்குத் தெரியாது, பாஸ்."

ஹோக் செங் தொண்டையைச் செருமினார். போன் சட்டென்று பைக்குள் போனது.

"யாருலா போன்ல?"

"சும்மா, கூட்டாளி ஒருத்தன், பாஸ்."

கூட்டாளிக்குச் சம்பளம் கொடுக்கிறவரின் பாஸா? ஹோக் செங்குக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய சாலையில் புதிதாக ஒரு டயர் கடை வந்திருந்தது. கண்ணாடிக் கதவு, குளுகுளு அறை, காத்திருக்கிறவர்களுக்கு இலவசக் கோப்பி. அங்கே வேலை தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டது. ஹோக் செங்கின் இடுப்பு எப்போதோ கைவிட்டுவிட்டது. ரொஸ்லான் போனால் வாடிக்கையும் அவன் பின்னாலேயே போகும்; கடைக்குப் பூட்டுதான்.

ராத்திரி மனைவி சியூ லானிடம் புலம்பினார்.

"ஒரே பேச்சுல ரெண்டு பாஸ். ஒண்ணு நான். இன்னொருத்தன் யாரு?"

"மார்க்கெட்ல மீன்காரன் என்னையும்தான் பாஸ்ங்கிறான். அவன் கடையை நான் பிடுங்கிட்டேனா?"

"உனக்குப் புரியாது. கூடவே இருந்து குழி பறிக்கிறான்."

"குழி பறிக்கிறதுக்கு அவனுக்கு எங்க நேரம்? உங்க வேலையையும் சேர்த்து அவன்தானே பார்க்கிறான்!"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மறுநாள் சாப்பிடப் போகிறேன் என்று கிளம்பியவர், எதிரிலிருந்த கோப்பிக் கடையில் நாளிதழை விரித்து அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நாளிதழ் தலைகீழாக இருந்ததைக் கோப்பிக்காரன் சொல்லித்தான் திருப்பினார்.

அவர் பயந்தது நடந்தது. ரொஸ்லான் இடுப்புப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தான். கடையின் முகப்பை அளந்தான், உள்நீளத்தை அளந்தான், போனில் படம் பிடித்தான். கடைசியில் ஹோக் செங் நாற்காலி போட்டு உட்காரும் மூலைக்குப் போய் அதையும் அளந்தான். தன் இடத்திலேயே நாடா வைக்கிறானே என்று அவருக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து தெருவைக் கடந்தார்.

"அளந்து முடிச்சாச்சா?"

ரொஸ்லான் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"யாருக்காக அளந்த?"

"இப்ப சொல்ல முடியாது, பாஸ். வாக்குக் குடுத்திருக்கேன். தப்பா எதுவும் செய்யல."

"அந்தப் பாஸ் யாரு? அதை மட்டும் சொல்லு."

அவன் நாடாவைச் சுருட்டி இடுப்புப் பையில் போட்டான். மடியில் கனம் இருக்கிறது என்று ஹோக் செங் அதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

"அப்ப அவன்கிட்டயே போ. இந்தக் கடையில பாஸ் நான் ஒருத்தன்தான்."

ரொஸ்லான் கையைக் கழுவினான். திறந்து கிடந்த ஸ்பேனர்களை இழுப்பறையில் வைத்து மூடினான். அன்றும் பெய்துகொண்டிருந்த மழையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாயங்காலம் பினாங்கிலிருந்து மகன் பூன் கியாட் கூப்பிட்டான்.

"அப்பா, ரொஸ்லான் ஏன் போனையே எடுக்க மாட்டேங்கிறான்?"

"உனக்கும் அவனுக்கும் என்ன பேச்சு?"

பூன் கியாட் குரலைத் தாழ்த்தினான்.

"கோவப்படாதீங்கப்பா. கடையை வாங்க ஒரு ஆள் கேட்டு வந்திருக்கான். இன்னும் எதுவும் முடிவாகல. அளவும் படமும் நான்தான் கேட்டேன். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான்."

"உன்னையா பாஸ்னு கூப்பிட்டான்?"

"பாஸோட மகனும் பாஸ்தானே, அதான் அப்படிக் கூப்பிடுவான். முதல்ல முடியவே முடியாதுன்னான். அப்புறம்தான் ஒரே ஒரு நிபந்தனை போட்டு ஒத்துக்கிட்டான். யார் வாங்கினாலும் நீங்க உட்கார்ற அந்த மூலையை விட்டுடணுமாம். இல்லேன்னா காலையில எந்திரிச்சு பாஸ் எங்க போவாருன்னு கேட்டான். அதையும் தனியா அளந்து அனுப்பியிருக்கான்."

மகனை என்னென்னவோ திட்டினார் ஹோக் செங். தான் உயிரோடு இருக்கும்வரை கடை கைமாறாது என்று கத்தினார். கத்தி முடித்தபின் வெட்கம்தான் மிஞ்சியது. பெற்ற பிள்ளை தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனக்காகக் கேட்ட ஒருத்தனைத் தானே துரத்திவிட்டார்.

அப்போதே போன் செய்திருக்கலாம். மனிதர் செய்யவில்லை. அவனாக வருவான் என்று வீம்பு சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு சில நாள் தனியாகவே கடையைத் திறந்து, வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அதற்குள் பெரிய சாலைக் கடைக்காரன் ரொஸ்லானைக் கொத்திக்கொண்டு போய்விட்டான்.

கடைசியில் அவர் தன் பழைய வேனை எடுத்துக்கொண்டு அங்கே போனார். அந்தக் கடையின் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ரொஸ்லான் வாசலில் நின்றான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பு வாய் வரை வந்து திரும்பிவிட்டது.

"டயர்ல காத்து கொஞ்சம் பார்க்கணும்... பாஸ்."

ரொஸ்லான் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு குழாயை இழுத்துவந்து, குந்தி உட்கார்ந்து, நான்கு டயரிலும் காற்றை நிரப்பினான். கேட்காமலேயே உபரி டயரையும் பார்த்தான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஆச்சு. வேற எதாச்சும் பார்க்கணுமா, அங்கிள்?"

குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் ஹோக் செங் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருப்பார்.

"ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார்.