தையற்காரர் பார்த்த பிறை

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஷரீஃப் பாய் தையல் கடை வைத்திருந்தார். கடை என்றால் வீட்டின் முன்னறைதான். அங்கே ஒரு கால்மிஷினும் வெட்டுப் பலகையும் இருந்தன. பின்னறையில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக் கொடுக்க மனைவி அமீனா பீ இருந்தாள். அந்தச் சந்து முஸ்லிம் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் பெருநாள் உடுப்பு அவர் கையால்தான். ஆகவே ரம்ஜான் மாதத்தில் ஊர் பசித்திருக்கும், அவர் பசித்தும் விழித்தும் இருப்பார்.

அந்த மாதத்தில் தையற்காரர்களைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. நோன்பு இருபத்தொன்பதிலும் முடியலாம், முப்பதிலும் முடியலாம். இருபத்தொன்பதாம் நாள் அந்தியில் மேற்கே பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. ஊரெல்லாம் பிறைக்கு ஏங்கும்போது தையற்காரர் மட்டும் மேகத்துக்கு வேண்டிக்கொள்வார் என்பார்கள். பொய்யில்லை. முடியாத உடுப்பு மூட்டையாகக் கிடக்கும்போது ஒரு நாள் இலவசமாகக் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் ஷரீஃப் பாய்க்கு இந்தக் கேலியைக் கேட்டாலே உடம்பெல்லாம் எரியும். துணியில் ஒரு அங்குலம் கூடத் திருடாதவர் என்று பெயர் எடுத்தவர் அவர். பெயர் எடுத்தவனுக்குத்தான் அது போய்விடும் என்ற பயம். எடுக்காதவன் நிம்மதியாகத் தூங்குகிறான்.

முப்பத்தெட்டாம் வருஷத்து ரம்ஜான் கார்த்திகை மழையில் வந்து முடிந்தது. இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் சந்து ஆண்கள் எல்லோரும் வழக்கம்போல சாந்தோம் கடற்கரைக்குப் போனார்கள். பேரீச்சம்பழம் தின்று நோன்பு திறந்து, மணலிலேயே தொழுதுவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைப் பார்த்து நின்றார்கள். கடற்கரைக்கு வந்து கடலைப் பார்க்காமல் நிற்கிற கூட்டம் வருஷத்தில் அது ஒன்றுதான். மேற்கே தென்னந்தோப்புகளும் அவற்றுக்கு மேல் கபாலி கோயில் கோபுரமும் தெரிந்தன. அதற்கு மேல் மேகம், சாம்பல் பூசினாற்போல.

"தோ, கோபுரத்துக்கு எடது பக்கம்!" என்று கத்தினார் அன்வர் பாஷா. அவர் தோல் வியாபாரி, சந்திலேயே பெரிய வீடு. வேலூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மறுநாள் ராத்திரி ரயிலுக்குக் கிளம்பவேண்டும். பெருநாளைச் சேர்ந்து கொண்டாடாமல் அனுப்புவதா என்று இரண்டு நாளாகத் தவித்துக்கொண்டிருந்தார். தவிக்கிற கண்ணுக்கு மேகத்தின் ஓரம்கூடப் பிறையாகத்தான் தெரியும்.

"எங்க? எங்க?"

"அந்தத் தென்னைக்கு மேல, பாரு. மெலிசா."

"ஆமா, ஆமா, தெரியுது!"

பத்துப் பேர் தெரிகிறது என்றார்கள். விரல்கள் நாலு திசையில் நீண்டிருந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை. பள்ளிவாசலின் மௌலவி அப்துல் கரீம் நிதானமான மனிதர், அவருக்குக் கண் மங்கல். மேகம் மூடிய நாளில் பெருநாள் சொல்ல இரண்டு பேராவது சாட்சி சொல்லவேண்டும்.

"பாத்தவங்க முன்னால வாங்க. அல்லா அறிய, பாத்தேன்னு சொல்லணும்," என்றார்.

அன்வர் பாஷா முன்னால் வந்தார். தெரிகிறது என்று கத்திய மற்றவர்கள் மணலை ஆராய்ந்தார்கள். கூட்டத்தோடு கத்துவது வேறு, தனியாக வந்து அல்லா பெயரால் சொல்வது வேறு. தன்னைவிட நன்றாகப் பார்த்தவன் பக்கத்தில் இருக்கிறான் என்று ஒவ்வொருவனும் பக்கத்து ஆளைப் பார்த்தான்.

"ஷரீஃப் பாயைக் கேளுங்க," என்றார் அன்வர் பாஷா. "ஊசில நூல் கோக்கற கண்ணு. அதுக்குத் தெரியாததா?"

பின்னாலிருந்து எவனோ சொன்னான்: "அவரு எங்க பாத்தேன்னுவாரு? வூட்டுல மூட்டை மூட்டையா துணி கீது. அவருக்கு முப்பதுதான் வோணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். மௌலவிகூடப் புன்னகை செய்தார்.

ஷரீஃப் பாய் எதையும் பார்க்கவில்லை. இமைக்காமல் பார்த்தும் மேகம்தான் தெரிந்தது. தெரியவில்லை என்பது ஒரே வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் அவர் கண் சொன்னதாக யாரும் நினைக்கமாட்டார்கள், மிஷின் சொன்னதாக நினைப்பார்கள். வீட்டில் முடியாமல் கிடக்கும் உடுப்புகள் மனக்கண்ணில் வரிசையாக நின்றன. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்களே, அது இதுதான். தன் வேலைக்காகப் பொய் சொன்னான் என்ற பேச்சு வரக்கூடாது என்ற ஒரே எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. உண்மையானவன் என்று காட்டிக்கொள்ள அவருக்கு அந்த நேரத்தில் ஒரே வழிதான் தெரிந்தது.

"பாத்தேன்," என்றார்.

"அல்லா அறிய?"

"அல்லா அறிய."

கூட்டம் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கியது. தையற்காரரே பார்த்தேன் என்கிறார், நஷ்டம் அவருக்கு, அப்புறம் என்ன சந்தேகம்? மணலை ஆராய்ந்தவர்கள் எல்லோரும் இப்போது தாங்களும் பார்த்ததாக நினைவுகூர்ந்தார்கள். கச்சேரி ரோடு வந்து சேர்வதற்குள் பிறை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதுவரை பேசி முடித்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி முழுக்க மிஷின் ஓடியது. அமீனா பீ விரல் வீங்கப் பொத்தான் தைத்தாள். ஆனால் அவளுக்குத் தூக்கமும் இல்லை, அலுப்பும் இல்லை. கடற்கரையில் நடந்தது அவருக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"வேற யாரா இருந்தாலும் வாய மூடிக்கினு இருந்திருப்பாங்க," என்றாள். "உங்களாலதான் இது முடியும்."

மிஷின் சத்தத்தில் காதில் விழாதவர்போல அவர் குனிந்துகொண்டார்.

மறுநாள் பெருநாள். பிரசங்கத்தில் மௌலவி, தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும் உண்மைக்குச் சாட்சி நிற்பவனின் அந்தஸ்தைப் பற்றிப் பேசினார். பெயர் சொல்லவில்லை, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷரீஃப் பாய்க்குக் காது சூடாகிவிட்டது. பிரியாணிக்கு உட்கார்ந்திருக்கும்போது திருவல்லிக்கேணியிலிருந்து செய்தி வந்தது: அங்கே யாருக்கும் பிறை தெரியவில்லை, எல்லோரும் முப்பதாவது நோன்பில் இருக்கிறார்கள். சந்து ஒரு நிமிஷம் மெல்வதை நிறுத்தியது.

"அவங்க எந்த மாடில ஏறிப் பாத்தாங்களோ," என்றார் அன்வர் பாஷா. "நம்மகிட்ட ரெண்டு சாட்சி கீது."

உடனே எல்லோருக்கும் பசி திரும்பியது. நம் சந்து, நம் கண், நம் பிறை என்று ஆனபிறகு திருவல்லிக்கேணி என்ன சொன்னால் என்ன? அன்று சாயங்காலம் வானம் வெளுத்தது. கபாலி கோபுரத்துக்குப் பக்கத்தில், அடிவானத்தை ஒட்டி, பிறை வந்தது. ஷரீஃப் பாய் சந்து முனையில் நின்று பார்த்தார். நூல் பிரியளவு இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோப்புக்குள் இறங்கிவிட்டது. முதல் பிறை. குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"ரெண்டாம் பிறைன்னா இப்டித்தான், நல்லா தடிமனா கீது," என்றார் அன்வர் பாஷா.

"ஆமா பாய், தடிமன்தான்," என்றார்கள் எல்லோரும். ஷரீஃப் பாயும் தலையாட்டினார்.

ஆக, அந்தச் சந்து ஒரு கடமையான நோன்பைத் தின்றுவிட்டது. விட்டுப்போன நோன்பைப் பிறகு ஒரு நாள் வைத்து ஈடுகட்டவேண்டும். அதற்குக் களா என்று பெயர். மௌலவியிடம் போய்ச் சொன்னால் அவர் பள்ளிவாசலில் அறிவிப்பார், எல்லோரும் ஒரு நாள் வைத்துவிடுவார்கள், காரியம் முடிந்தது. ஷரீஃப் பாய் இரண்டு முறை பள்ளிவாசல் படிவரை போனார். இரண்டு முறையும் மௌலவி அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று சலாம் சொன்னார். எழுந்து நிற்கிறவரிடம் எப்படிச் சொல்வது? திரும்பி வந்துவிட்டார்.

அப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. ரம்ஜானுக்கு அடுத்த மாதத்தில் ஆறு நோன்பு வைப்பது நல்லது என்று உண்டு; கட்டாயமில்லை. அந்தச் சந்தில் மௌலவியையும் ஓரிரு கிழவர்களையும் தவிர யாரும் அதை வைத்ததில்லை. அந்த வருஷமோ வீட்டுக்கு வீடு ஆறு நோன்பு. டீக்கடை பகலில் ஈ ஓட்டியது. ஜனங்களுக்கு பக்தி கூடிவிட்டது என்று மௌலவி மகிழ்ந்துபோனார். மகிழ்ந்தாரோ, புரிந்துகொண்டு பேசாமல் இருந்தாரோ, அது அவருக்கும் ஆண்டவனுக்கும் வெளிச்சம்.

ஷரீஃப் பாயும் வைத்தார். "ஆறு நோன்பு வெக்கலாம்னு கீறேன்," என்று அமீனாவிடம் சொன்னார். அவள் விடியலுக்கு முன் எழுந்து அவருக்குச் சோறாக்கிப் போட்டாள். முதல் நாள் அவர் மனசுக்குள் நிய்யத்தாக, அதாவது நோன்பின் எண்ணமாக, வைத்தது ஆறு நோன்புக்கு அல்ல, களாவுக்கு.

அன்று பகலில் அன்வர் பாஷா கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். உதடு காய்ந்திருந்தது.

"நோன்பா பாய்?" என்று கேட்டார் ஷரீஃப்.

"ஆறு நோன்பு," என்றார் அவர் அவசரமாக. கையை நீட்டி அளவு கொடுத்து நின்றவர், ஆள் இல்லையே என்று பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார். "மேகத்துல எனக்கு ஏதோ வெள்ளையாத்தான் தெரிஞ்சுது. நீங்க பாத்தேன்னு சொன்னப்பறம்தான் எனக்கே தைரியம் வந்துச்சு. நீங்க நல்லா பாத்தீங்க இல்ல?"

ஷரீஃப் பாய் அளவு நாடாவைப் பார்த்துக்கொண்டே, "பாத்தேன்," என்றார். இரண்டு பேரும் பெருமூச்சு விட்டார்கள், வெவ்வேறு காரணத்துக்காக. ஊர் மொத்தமும் ஒரே அழுக்கை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தனித்தனியாகத் துவைத்துக்கொண்டிருந்தது. ஷரீஃப் பாய்க்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. நம்பாதவர்கள் எல்லோரும் தாங்களாகவே ஈடுகட்டிவிட்டார்கள், இனி எதற்கு வாயைத் திறக்கவேண்டும் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

நம்பினவள் ஒருத்தி வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள் என்பது அவருக்கு நினைவு வரவில்லை.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் அமீனா பீ பக்கத்து வீட்டிலிருந்து முகம் சிவக்க வந்தாள். முந்தானையை உதறி உட்கார்ந்தாள்.

"இந்த ஹாஜிரா பீ இன்னா பேச்சு பேசறா தெரியுமா? அவ வூட்டுக்காரரு சொன்னாராம், எதுக்கும் ஒரு களா வெச்சுடுன்னு. சந்துல பொம்பளைங்க எல்லாம் வெச்சுட்டாங்களாம். நீயும் வெச்சுடு அமீனான்னு எனக்குப் புத்தி சொல்றா!"

ஷரீஃப் பாயின் கால் மிஷினில் நின்றுபோனது.

"நான் சும்மா வுடுவேனா? என் வூட்டுக்காரரு அல்லா அறிய சொன்னது பொய்யாடின்னு கேட்டேன். இனிமே அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்னுட்டு வந்தேன். நான் செத்தாலும் அந்தக் களாவை வெக்க மாட்டேன். வெச்சா உங்களைப் பொய்யன்னு நானே சொன்னா மாதிரி."

இதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஷரீஃப் பாய் அவளையே பார்த்தார். ஊரில் அத்தனை பேர் கணக்கும் தீர்ந்துவிட்டது. அவரை முழுக்க நம்பியதால் அவள் கணக்கு மட்டும் பாக்கி நின்றது. இப்போதும் பேசாமல் இருந்தால், மறுமையில் அவள் அந்த நோன்புக் கடனோடு போய் நிற்கவேண்டும். மௌலவியிடம் வராத தைரியம் இப்போது வந்தது என்று சொல்லமுடியாது. வேறு வழி இல்லாமல் போயிற்று.

"அமீனா, நான் பாக்கல."

"இன்னாது?"

"பிறையை. மேகம்தான் தெரிஞ்சுது. பாக்கலன்னா துணி முடியாததுக்காகச் சொல்றேன்னு சிரிப்பாங்கன்னு..."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் அடியோ திட்டோ எதிர்பார்த்தவர்போலக் குனிந்திருந்தார். அவள் அவருடைய தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டு, கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"சரி வுடுங்க. மனுஷன்தான. பயந்துட்டீங்க. இப்பவாவது சொன்னீங்களே. ஒரு நோன்புதான, நாளைக்கே ரெண்டு பேரும் சேந்து வெச்சுடலாம்."

அந்த இடத்தில் சரி என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு நோன்பு வைத்தால் அவர் தேய்ந்தா போயிருப்பார்? ஆனால் பொய்யில் களைத்துப்போயிருந்த மனிதர், அன்றைக்கென்று உண்மையைச் சொன்னார்.

"நான் வெச்சுட்டேன்."

"எப்போ?"

"ஆறு நோன்புன்னேனே. மொத நாள்."

அமீனா பீயின் கை அவர் தோளிலிருந்து இறங்கியது.

"நான்தான எழுந்து ஆக்கிப் போட்டேன்?"

"ஆமா."

"எதிர்ல உக்காந்து விசிறிக்கினு இருந்தேன்."

"ஆமா."

"நீங்க பயந்தது எல்லாம் சரி. ஊரு உங்களைப் பாத்து சிரிச்சிருக்கும், அதுக்காக ஊருக்குப் பொய் சொன்னீங்க," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்கிறவளைப்போலத்தான் கேட்டாள். "நான் எப்போ உங்களைப் பாத்து சிரிச்சேன்?"