ஜோவினுக்கு ஒதுக்காத அடிகள்

கொடிப்பாறை மலையில் யார் எத்தனை அடி நடக்கலாம் என்பதைச் சுற்றுலா அலுவலகம்தான் ஒதுக்கும். சீசன்தோறும் மிதிபட்டு மிதிபட்டு மலை இரண்டு ஆள் உயரம் தேய்ந்துபோன பிறகு வந்த ஏற்பாடு அது. வெளியூர்க்காரருக்கு நாளைக்கு நானூறு அடி, உள்ளூர்க்காரருக்கு மூவாயிரம். அதற்கு மேல் ஓர் அடி வைத்தாலும் மலை அவரை இறக்கிவிடும். போன தை மாதம் ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமா பந்தியில் ஓர் அடி கூடுதலாக வைத்து, பாயசக் கிண்ணத்தோடு அடிவார பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார். கிண்ணத்தை மறுநாள் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்.

பெனிட்டாவின் மகன் ஜோவினுக்குப் பதினோரு மாதம். செவ்வாய்க்கிழமை அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். அவன் பேருக்கு ஓர் அடிகூட ஒதுக்கீடு கிடையாது.

அந்த அடிவார பஸ் ஸ்டாண்டைப் பெனிட்டாவுக்குத் தெரியும். டிரைவர்கள் திரும்பிப் பார்க்காமலே ரிவர்ஸ் எடுப்பார்கள். அங்கே, பேச்சு வராத பிள்ளை, தன்னந்தனியாக. அன்று முதல் அவனை இடுப்பைவிட்டு இறக்கவில்லை.

"தவழுறதுக்குத் தடை இல்லையே," என்றான் ஜீப் ஓட்டும் அவள் கணவன் சூசை.

"இவன் தவழுற பிள்ளையா? கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள எந்திரிச்சிருவான்."

"அப்பன மாதிரி."

"அப்பன எழுப்பணும்னா நாலு தடவ கூப்பிடணும்."

அலுவலகத்தில் கஜலட்சுமி மேடம் பதிவேட்டைப் புரட்டினார்.

"இந்த சீசன் அடியெல்லாம் வித்தாச்சும்மா. தம்பிக்கு இனி ஜூன்லதான்."

"அதுவரைக்கும் எப்படி மேடம் தூக்கிவச்சிருப்பேன்? ராத்திரி இவன் கால என் கையோட சேத்துக் கட்டிக்கிட்டுப் படுக்கறேன்."

மேடம் எட்டி, ஜோவினின் மண் படாத பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒரே ரேஷன் கார்டுதானே? அப்ப ஒரு வழி இருக்கு. பின்னால வைக்கிற அடி கார்டுக் கணக்குல கழிஞ்சிரும். நீ ஒண்ணு பின்னால வச்சா, இவன் ஒண்ணு முன்னால வைக்கலாம். வழியில திரும்பி மட்டும் பாத்துராத. பாத்தா செல்லாது."

அலுவலக வாசலிலேயே பெனிட்டா அவனை இறக்கினாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓர் அடி பின்னால் வைத்தாள். அவன் ஓர் அடி முன்னால் வைத்தான். மலை அவனை வைத்துக்கொண்டது.

அப்படியே கடைவீதியைக் கடந்தார்கள். மாதா கோயிலைக் கடந்தார்கள். வெளியூர்க்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒதுங்கியதில் ஆளுக்கு இரண்டு அடி செலவானது. ஜோவின் நிற்கிற பிள்ளையாக இல்லை. அவன் வர வர அவள் போக வேண்டியிருந்தது.

முதுகில் குளிர்ந்த காற்று பட்டது. மலை முடிகிற காட்சிமுனை வந்துவிட்டது என்று தெரிந்தது. குதிகாலுக்குக் கீழே புல் இல்லை. ஜோவின் சிரித்துக்கொண்டே காலைத் தூக்கினான். அவள் வைக்காவிட்டால் அது கூடுதல் அடி. பெனிட்டா மங்கள வார்த்தை ஜெபத்தைப் பாதிவரை சொல்லி, ஓர் அடி பின்னால் வைத்தாள். கால் மூடுபனியில் ஊன்றியது.

அங்கே மலை இல்லை. ஆகவே ஒதுக்கீடும் இல்லை. ஜோவின் அவள் கைக்குக் கீழே நுழைந்து, மூடுபனிக்கு மேலே ஓடினான். விழுந்தான். எழுந்து மறுபடி ஓடினான்.

சற்று நேரத்தில் சூசை ஜீப்பை முனையில் நிறுத்தினான். செருப்பைக் கழற்றி விளிம்பில் ஜோடியாக வைத்துவிட்டு, பிள்ளையின் குல்லாவை எடுத்துக்கொண்டு, அவர்கள் பக்கமாகக் காலாற நடந்து வந்தான்.