இடது மட்கார்டின் ஆன்மா

பின்னால் எஞ்சின், அதுவும் காற்றிலேயே குளிர்ந்துகொள்கிற பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதைக் கார்க் கம்பெனியில் புதுசாக வரையப் போகிறார்களாம். எஞ்சினுக்குப் பதில் பேட்டரி. ஆனாலும் பின்மூடியில் காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும். உள்ளே போகிற காற்றுக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கம்பெனியின் அந்த டிசைன் மண்டபத்தில் வேலையில்லாமல் உலவுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை.

இரவல் வாங்கிய பழைய காரை நடுவில் நிறுத்தி, விளக்குப் போட்டு, தலைமை டிசைனர் அதன் இடது பின்மட்கார்டைத் தடவினார். அங்கே லேசாக ஒரு புடைப்பு.

“இதுதாம்மா இதோட ஆன்மா. அப்படியே கொண்டு வா. வலது பக்கமும் இதே மாதிரி வேணும்.”

புதுக் காரின் மாதிரியை முழு அளவில் களிமண்ணில் செய்பவள் அவள். ஒப்பந்த வேலை. இது தேறினால் நிரந்தரம் என்றிருந்தார்கள்.

புடைப்பு யாருடையது என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்தது. அவள் புருஷன் அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர். கம்பத்தில் இடித்துக்கொண்டு பட்டறைக்கு வந்த அந்தக் காரின் தகடு நிமிரவில்லை என்று, பள்ளத்தை அடைக்கிற பட்டிப் பசையை அப்பி, பெயின்ட் அடித்துத் தள்ளிவிட்டவன் அவன்தான்.

வீட்டில் சொன்னபோது அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“அப்போ நான்தான் டிசைனரா?”

“ஆமா, பெரிய இவரு. போய்க் குளி.”

இரண்டு பக்கமும் புடைப்பு வைத்ததும் புதுக் கார் பல்வலிக்காரன் மாதிரி கன்னம் வீங்கி நின்றது. டிசைனர் உதட்டைப் பிதுக்கினார்.

“உன் கையிலதான் கோளாறு. இப்படின்னா உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எப்படிக் கேக்கறது?”

அதற்கு மேல் அவள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை.

“கை நல்லாத்தான் இருக்கு சார். அது ஆன்மா இல்ல, பட்டி. என் வீட்டுக்காரர் அப்பினது. தட்டிப் பாருங்க.”

தட்டினார். மற்ற இடம் கணீரென்றது, புடைப்பு மொத்தென்றது. சுற்றி நின்றவர்கள் கூரையை ஆராய்ந்தார்கள்.

அவர் கூச்சப்படுவார் என்று அவள் நினைத்ததுதான் தப்பு. கூச்சம் இருந்தால் அந்த நாற்காலி வரை வந்திருப்பாரா?

“முதலாளிங்க பழைய கார்ல இந்தப் புடைப்பைப் பார்த்துக் கண் கலங்கிட்டாங்க. இனி மாத்த முடியாது,” என்றவர் முகம் திடீரென்று மலர்ந்தது. “உன் வீட்டுக்காரரை வரச் சொல்லு. அவர் கையாலயே போடட்டும்.”

வந்தான். களிமண்ணையும் பட்டி மாதிரியே அப்பினான். வீக்கம் வீக்கமாகத்தான் இருந்தது. அசல் கை என்றார்கள். அவனை நிரந்தரமாக்கினார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் இடமாம், அவள் ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது.

“நீ போயிட்டா முன்பக்கம், கதவெல்லாம் யாருடி செய்வா?” என்றான், கழுத்தில் புது அடையாள அட்டையோடு.

“நிரந்தர ஆளு நீதானே. பாரு,” என்று அவள் தன் செதுக்குக் கத்திகளைத் துணியில் சுருட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.