தேனீக்களிடம் சொன்ன சொல்

லிண்டன் மரங்கள் பூத்துக் கொட்டுகிற ஜூலை மாதத்தில் மார்கிஸ் செத்துப்போனது. ஆப்பிள் மரத்தடியில், முன்னங்கால்கள்மேல் முகத்தை வைத்து, வெளிவாசலைப் பார்த்தபடியே கிடந்தது. தூங்குகிறது என்று நினைத்து அல்தோனா கிண்ணத்தில் பால் ஊற்றி வைத்தாள். பாலில் எறும்பு மொய்த்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. கிணற்றடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டுகள் கொண்ட சாதாரண நாட்டு நாய். ஆனால் அதற்கு ஒரு பழக்கம் இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் கண்டுகொள்ளாது. திரும்பிப் போகும்போது மட்டும் எழுந்து கூடவே நடக்கும். ஏரிக்கரையோரமாகப் பஸ் நிறுத்தம்வரை போய், பஸ் வந்து, ஆள் ஏறி, கதவு மூடுகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பும். தபால்காரி, மீட்டர் பார்க்க வந்தவர், வழிதவறி வந்த சுற்றுலாக்காரர்கள் என ஒருவரையும் அது தனியாக அனுப்பியதில்லை. அல்தோனாவின் மகள் நார்வேக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று, பார்க்கத் தாங்காமல் அல்தோனா அடுப்படியிலேயே இருந்துவிட்டாள். அன்றும் மார்கிஸ்தான் பெட்டிக்குப் பின்னால் நடந்து போயிற்று. அந்தக் கடனை அவள் மறக்கவில்லை.

மத்தியானம் அவள் தம்பி ரிம்விதாஸ் டவுனிலிருந்து வந்தான். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லித் தருகிறவன். அந்த வட்டாரத்தில் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்களுக்கு அவன்தான் பூசாரி. பிள்ளைக்குப் பெயர் வைப்பதும், கல்யாணமும், கடைசிப் பயணமும் அவன் வளர்க்கிற நெருப்பின் முன்தான் நடக்கும். வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, தோட்டத்து ஓரத்து ஓக் மரத்தடியில் தானே குழி வெட்டினான். பக்கத்தில் கல் அடுக்கி நெருப்புக்கு மேடை கட்டினான்.

"அக்கா, ரொட்டி, உப்பு, பீர் எல்லாம் எடுத்து வை. நான் நெருப்புத் தாயைக் கூப்பிட்டு, 'மார்கிஸ் செத்தது, ஏத்துக்கோ'ன்னு சொல்றேன். பாட்டை நீ ஆரம்பி."

"செத்ததுன்னு சொல்லாதடா. காலமானான்னு சொல்லு."

ரிம்விதாஸ் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தான். "நாய்க்கா? நம்ம பேச்சில காலமாகிறது ரெண்டே ரெண்டுதான். மனுஷன், அப்புறம் தேனீ. குதிரைகூடச் செத்துதான் போகுது."

"எனக்குத் தெரியாதா? உனக்குப் பேச்சு வர்றதுக்கு முன்னாடியே எனக்கு வந்தாச்சு."

"தெரிஞ்சுமா கேக்கற? ஏற்கனவே டவுன்ல நம்மளப் பாத்து 'தாடி வச்ச நாடகக் கம்பெனி'ன்னு சிரிக்கறாங்க. நெருப்பு முன்னாடி மனசுக்குப் பிடிச்ச சொல்லையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சா, அவங்க சொல்றது உண்மையாயிடும்."

"அப்போ நீ ஒண்ணுமே சொல்ல வேண்டாம். நானே மண்ணைத் தள்ளி மூடிக்கிறேன்."

அவள் அடுப்படிக்குள் போய்க் கறுப்பு ரொட்டியை அறுக்க ஆரம்பித்தாள். துண்டுகள் செங்கல் கனத்துக்கு வந்தன. தம்பி சொன்னது நியாயம்தான். அதனால்தான் அவளுக்கு அவ்வளவு வலித்தது. கல்லறைக் கல்லா கேட்டாள்? ஒரே ஒரு சொல். ஊரையெல்லாம் மரியாதையாக வழியனுப்பிய ஜீவனை, ஓட்டைச் சட்டியைத் தூக்கிப் போடுகிற மாதிரி ஒரு சொல்லால் அனுப்பவா?

வெயில் சாயும் நேரம் வேலியைத் தாண்டி ஸ்தேபோனாஸ் வந்தார். பக்கத்துத் தோட்டக்காரர். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிற கத்தோலிக்கர். என்றோ ஒரு கோடையில் அவருடைய தேனீக்கூட்டம் ஒன்று பறந்து வந்து அல்தோனாவின் ஆப்பிள் மரத்தில் அடைந்தது. அந்தப் பக்கத்தில் தேனீயை யாரும் விலைக்கு விற்பதில்லை. அது போய் அடைந்த வீடு உறவாகிவிடும். அன்றுமுதல் இரண்டு வீடும் தேனீச் சொந்தம். கூடுகளுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொள்ளும் மார்கிஸை அவர் திட்டாத நாள் இல்லை. ஒரு தேனீகூட அதைக் கொட்டியதும் இல்லை.

இன்று அவர் தேவாலயத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டிருந்தார். கையில் ஒரு தேன் ஜாடி.

"சோம்பேறிய எங்கம்மா படுக்க வச்சிருக்க?" என்றார். பிறகு ரிம்விதாஸைப் பார்த்தார். "பூசாரித் தம்பி ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு?"

"ஒரு சொல்லுல தகராறு, அண்ணே" என்று ரிம்விதாஸ் நடந்ததைச் சொன்னான்.

ஸ்தேபோனாஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஐயையோ! நான் ஏற்கனவே சொல்லிட்டேனே."

"யார்கிட்ட?"

"தேனீங்ககிட்டதான். காலைல தங்கச்சி அழற சத்தம் கேட்டுச்சு. எட்டிப் பாத்தேன். உடனே போயி ஒவ்வொரு கூட்டையும் தட்டிச் சொல்லிட்டேன். சொந்தத்துல ஒருத்தர் போயிட்டா அதுங்களுக்குச் சொல்லாம இருக்கலாமா? கோவிச்சுக்கிட்டுப் பறந்துடுமே."

"ஒரு நாய்க்காகவா கூட்டைத் தட்டினீங்க?"

"என் பொண்டாட்டியக் கொண்டுபோன அன்னிக்கு அது பஸ் ஸ்டாப்போட நிக்கல தம்பி. கல்லறை வரைக்கும் வந்துச்சு. மண்ணு மூடறவரைக்கும் உக்காந்திருந்துட்டுத்தான் திரும்புச்சு. என் சொந்த மச்சான் முதல் பிடி மண்ணு விழறதுக்குள்ள சாப்பாட்டுப் பந்திக்குப் போயிட்டான்."

ரிம்விதாஸ் மெல்லக் கேட்டான்: "என்ன சொல்லுல சொன்னீங்கண்ணே?"

"தேனீகிட்ட வேற என்ன சொல்லு இருக்கு? அதுங்களுக்கும் நமக்கும் ஒரே சாவுதானே. 'மார்கிஸ் காலமாயிட்டான்'னேன். எல்லாம் ஒரு நிமிஷம் அடங்கி, அப்புறம் இரைஞ்சுச்சு." அவர் கவலையோடு தொப்பியைத் திருகினார். "இப்போ நீங்க நெருப்பு முன்னாடி மாத்திச் சொன்னா, நான் தேனீகிட்டப் பொய் சொன்னவன்னு ஆயிடும். பொய் சொன்னவன் தோட்டத்துல அதுங்க தங்குமா? லிண்டன் பூத்திருக்கற நேரம் வேற!"

ரிம்விதாஸ் ஓக் மரத்தைப் பார்த்தான், குழியைப் பார்த்தான், அடுப்படி வாசலில் கத்தியும் கையுமாக நின்ற அக்காவைப் பார்த்தான். தாடிக்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"தேனீகிட்டச் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. அதுவும் பழைய வழக்கம்தான். நல்லா மடக்கிட்டீங்கண்ணே. அக்கா, ரொட்டிய எடுத்துக்கிட்டு வா."

ஏரி பொன்னாக மின்னிக்கொண்டிருந்தபோது, மார்கிஸை லினன் துணியில் சுற்றி மூன்று பேருமாகத் தூக்கிப் போனார்கள். அல்தோனா தான் நெய்த சிவப்புக் கச்சையை மேலே கட்டினாள். முதல் வாய் பீர் பூமித்தாய்க்கு. ஒரு பிடி உப்பு நெருப்புக்கு. அது படபடவென்று பேசியது. அல்தோனா பாட்டை எடுத்தாள், தம்பி சேர்ந்துகொண்டான். பாட்டுத் தெரியாத ஸ்தேபோனாஸ், வரிக்கு வரி கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். அவர் சிலுவைக்குறி போட்டபோது, புகை அவர் கண்ணில் படாமல் ரிம்விதாஸ் குறுக்கே நகர்ந்து நின்றான். நெருப்பு யாருடைய சாமி என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அன்பாகச் செய்கிற காரியத்தில் தெய்வங்கள் இடம் ஒதுக்கிக்கொள்ளும் போலிருக்கிறது.

பிறகு ரிம்விதாஸ் நிமிர்ந்து நின்று, தன் பூசைக் குரலில் சொன்னான்:

"நெருப்புத் தாயே, இந்த வீட்டு மார்கிஸ் காலமானான். எல்லாரையும் வழியனுப்பினவன். அவன் கூட நட."

இனி நாமும் அப்படியே சொல்லலாம். அவன்மேல் மண் விழுந்தது. லிண்டன் கிளைகளில் தேனீக்கள் இரைந்துகொண்டே இருந்தன. மூவரும் அங்கேயே உட்கார்ந்து, செங்கல் கனத்து ரொட்டியைத் தேனில் தொட்டுச் சாப்பிட்டார்கள். அவனுக்கும் ஒரு துண்டு வைத்தார்கள்.

வெளிச்சம் மங்குமுன் ரிம்விதாஸ் பையை எடுத்தான். அல்தோனாவும் சால்வையை எடுத்தாள்.

"நீ எங்க கிளம்பிட்ட?"

"பஸ் வரைக்கும்."

"எனக்கு வழி தெரியாதா அக்கா?"

"வழி எல்லாருக்கும்தான் தெரியும்டா."

ஏரிக்கரையோரம் இருவரும் நடந்தார்கள். பஸ் வந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்தார். வழக்கம்போல் அவர் கண் முதலில் தரையில்தான் தேடியது.

"மார்கிஸ் எங்கம்மா?"

"காலமாயிட்டான்" என்றாள் அல்தோனா.

ஓட்டுநர் சொல்லைத் திருத்தவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எப்போம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னிக்குக் காலைல."

ரிம்விதாஸ் ஏறிக்கொண்டான். கதவு மூடுகிறவரை அல்தோனா நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, மகள் அடுத்த முறை வந்து போகும்போது என்ன சால்வை போட்டுக்கொண்டு இங்கே வரலாம் என்று யோசித்தபடி வீட்டைப் பார்த்து நடந்தாள்.