திறந்து பார்த்ததாகச் சொன்ன பெட்டி

சுப்ரியாவுக்கு வாயைத் திறந்து பேசுவதுதான் கஷ்டம். எழுதச் சொன்னால் யாருக்கும் பயப்பட மாட்டாள். மலையாள நாட்டு நகரமொன்றின் பழைய கோட்டைக்குள், தமிழ்க் குடும்பங்கள் வாழும் அவள் தெருவில் யாருக்காவது ஆன்லைனில் வாங்கிய சாமான் உடைந்து வந்தாலும், சாமான் வராமலே 'டெலிவரி ஆகிவிட்டது' என்று செய்தி வந்தாலும், அவளைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவள் போய், யார் முகத்தையும் நேராகப் பார்க்காமல், அவர்களுடைய போனை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து கம்பெனியின் சாட்டில் எழுதத் தொடங்குவாள். கொஞ்ச நேரத்தில் பணம் திரும்பி வரும், அல்லது வேறு சாமான் வரும். பால் திரிந்து போயிருந்தால் பால்காரரிடம் அதைச் சொல்லத் தெரியாத பெண், எழுத்தில் மட்டும் வக்கீலாகிவிடுவாள்.

தெருவுக்கே அவள் சில விதிகளைப் பழக்கியிருந்தாள். பெட்டியின் எல்லாப் பக்கமும் தெரிகிற மாதிரி வீடியோ எடுக்க வேண்டும். டேப்பை வெட்டுவதில் தொடங்கி சாமானை வெளியே எடுத்து வைக்கும்வரை வீடியோவை நிறுத்தக் கூடாது. நடுவில் நிறுத்தினால் கம்பெனி ஒத்துக்கொள்ளாது. டிவி, போன் மாதிரி சாமான் என்றால், கொண்டு வந்தவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்த பிறகுதான் ஓடிபி சொல்ல வேண்டும்.

அவள் வீட்டுக்கு டிவி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அதற்காகவே, தான் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் லீவு சொல்லியிருந்தாள். அப்பா சாம்பசிவனுக்காக வாங்கிய டிவி. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாசற்படி இறங்கவில்லை. பழைய டிவியில் படம் போய்ச் சில மாதங்களாகிவிட்டன. சத்தம் மட்டும் வரும். கறுத்துப்போன திரைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கிரிக்கெட் கேட்பார். யாராவது வந்தால், "நான் ரேடியோ காலத்துக்குப் போயிட்டேன்" என்று அவரே முந்திக்கொண்டு சிரிப்பார்.

பெட்டியைத் தோளில் சுமந்துவந்தவர் சொரிமுத்து. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து, முதுகு பிடித்துக்கொண்டபின் டெலிவரி வண்டி ஓட்டத் தொடங்கியவர். தெருவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

"பிரிச்சுப் பாத்திருவோமாம்மா?" என்றார். "இதுக்குத் தொறந்து காட்டித்தான் கொடுக்கணும்னு போட்டிருக்கு."

சுப்ரியா போனைக் கையில் எடுத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து அம்மா விஜயலக்ஷ்மி கூப்பிட்டாள்.

"மணி பார்த்தியோ?" அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ராகுகாலம். புதுச் சாமானை இப்போப் பிரிக்கப்படாது. பன்னெண்டு அடிக்கட்டும்."

"அவர் நிக்கறாரும்மா. பிரிச்சுப் பார்த்தாத்தான் தருவார்."

"வாங்கி வெச்சுக்கோ. பெட்டி எழுந்து ஓடிடுமா என்ன? நீ கெமிஸ்ட்ரி படிச்சதெல்லாம் எனக்குத் தெரியும், என்கிட்டக் காட்டாதே. அப்பாக்குன்னு வாங்கற சாமான், கேட்டியா?"

அப்பாவுக்கு என்றதும் சுப்ரியா வாசலுக்குத் திரும்பினாள். ராகுகாலம் என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிற பெண், ஒரு வேற்று மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? அவர் சிரித்துவிட்டால்? வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"அப்பா தூங்கறார். சத்தம் கேட்டா முழிச்சுப்பார்."

சொரிமுத்து ஒருமுறை ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அப்ப, பெட்டியைக் கொண்டுபோயிட்டு நாளைக்கு வரட்டா?"

"வேண்டாம். நான் பாத்துக்கறேன். பிரிச்சுப் பாத்தாச்சுன்னு நீங்க போன்ல அமுக்கிக்கோங்கோ."

"ஏம்மா, நீங்களே இப்படிச் சொல்லுதியளே. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கது நீங்கதானே?"

அவள் தலையைக் குனிந்து சிரித்தாள். ஓடிபி எண்ணைச் சொன்னாள்.

"சரி. உங்களை நம்பி அமுக்குதேன்" என்று சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் திறந்து பார்த்துச் சரி என்று சொன்னதாகத் தன் போனில் பதிவு செய்தார் சொரிமுத்து. பழவங்காடியில் இன்னும் நிறையக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

பன்னிரண்டு மணிக்குப் பிறகு, வீடியோ ஓட, சுப்ரியா பெட்டியைப் பிரித்தாள். தெர்மகோலை விலக்கியதுமே தெரிந்துவிட்டது. கீழ்மூலையில் தொடங்கிய விரிசல் திரையின் உச்சி வரை போயிருந்தது. எந்த ஊரில், எந்த வண்டியில் அடிபட்டதோ. வாசலிலேயே பிரித்திருந்தால் சொரிமுத்து அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போயிருப்பார். யாருக்கும் நஷ்டம் இல்லை.

"பாரு, வந்ததே ராகுகாலத்துல. அப்பவே பிரிச்சிருந்தா இன்னும் என்னெல்லாம் ஆயிருக்குமோ" என்றாள் அம்மா.

அப்பா ஊன்றுகோலோடு எழுந்து வந்து பார்த்தார். "சாரமில்லை, போகட்டும். சத்தம் வருமோல்யோ?" என்று சிரித்தார். நாற்காலிக்குத் திரும்பிப் போகும்போது அவர் சிரிக்கவில்லை.

சுப்ரியா சாட்டைத் திறந்து வீடியோவை அனுப்பினாள். பதில் வந்தது: எங்கள் பதிவின்படி நீங்கள் வாசலிலேயே திறந்து பார்த்து ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள், இந்தப் புகாரை ஏற்க இயலாது. இன்னொரு முறை எழுதினாள். அதே பதில். அடுத்த அறையில் அப்பா பழைய டிவியைப் போடும் சத்தம் கேட்டது.

பிறகு அவள் விரல்கள் தானாகவே எழுதின. டெலிவரி ஊழியர் சொரிமுத்து அவசரப்படுத்தினார். பெட்டியைத் திறந்து பார்க்க விடவில்லை. ஓடிபியை வற்புறுத்தி வாங்கிக்கொண்டார்.

எழுதும்போது ஒரு மனிதருக்கு எதிராக எழுதுகிறோம் என்றே தோன்றவில்லை. எதிர்ப்பக்கம் இருந்தது ஒரு கம்ப்யூட்டர், அது மறுத்தது, அதை மடக்க வேண்டும். அவ்வளவுதான். அனுப்பிய சற்று நேரத்தில் வந்த பதிலில் மன்னிப்பு இருந்தது. வேறு டிவி அனுப்பப்படும், உடைந்ததை அப்போது எடுத்துக்கொள்வோம் என்று இருந்தது. கடைசி வரியில், சம்பந்தப்பட்ட ஊழியர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் இருந்தது. எல்லோருக்கும் அனுப்புகிற வரிதான் அது, என்று சொல்லிக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"சாதிச்சுட்டியே" என்றார் அப்பா.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு ராமசுப்ரமணியன் மாமாவுக்கு மிக்ஸி வந்தது. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாகச் சமைத்துக்கொள்கிறார். "சுப்ரியா, கேமராவோட வா" என்று குரல் கொடுத்தார். கொண்டு வந்தவன் சஜி என்ற புதிய ஆள். மாமா கத்தியால் டேப்பை வெட்ட, சுப்ரியா வீடியோ எடுக்கத் தொடங்கினாள்.

"நம்ம சொரிமுத்து எங்கேப்பா? லீவா?" என்று கேட்டார் மாமா.

"அண்ணனை நிறுத்திட்டாங்க, அங்கிள்" என்றான் சஜி மலையாளம் கலந்த தமிழில். "வண்டி கொடுக்கிறதில்லை. ஹப்பில மூட்டை அடுக்கிட்டு இருக்காரு. பாவம். இங்கதான் ஏதோ வீட்டில ஒரு டிவி. தொறந்து காட்டாம ஓடிப்போயி, கட்டாயப்படுத்தி ஓடிபி வாங்கினாருன்னு எழுதிட்டாங்க."

"சொரிமுத்துவா? அபாண்டம். கடுகு டப்பாவைக்கூட நின்னு பிரிச்சுக் காட்டிட்டுப் போற மனுஷன் அவன்."

"அதான் அங்கிள், அண்ணன் சொல்லுறாரு, அது தெரிஞ்ச பெண்குட்டி, அப்படி எழுதாதுன்னு. யாரோ தப்பா அவர் பேரில ஏத்திட்டாங்கன்னு நினைச்சிட்டு இருக்காரு."

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. மிக்ஸி ஜாரின் மூடி, பிறகு பிளேடு, பிறகு ஒயர். நடுவில் நிறுத்தக் கூடாது.

"யாருடி அது நம்ம தெருவுல? உனக்குத் தெரியாமலா இருக்கும், எல்லாப் புகாரும் நீதானே எழுதறே?" என்றார் மாமா, ஜாரை ஆட்டிப் பார்த்துக்கொண்டே.

அவள் போனை ஜாருக்கு இன்னும் அருகில் கொண்டுபோனாள். மாமா அதற்குள் சஜியிடம் திரும்பி, "ஜார் மூணுன்னு போட்டிருந்தான், எண்ணிக்கோ" என்றார். எல்லாம் முடிந்து வீடியோவை நிறுத்தினாள். வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். மாமாவின் கேள்வி தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு, பதில் சொல்லாத ஒரு பெண் மூச்சு விடுகிற சத்தம்.

புகாரைத் திருத்தி எழுதலாம் என்று சாட்டைத் திறந்தாள். விஷயம் முடிந்துவிட்டதால் இனி இங்கே எழுத இயலாது, என்றது திரை.

மறுநாள் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, ஈஞ்சக்கல்லுக்குப் பக்கத்தில், சாமான்கள் வந்திறங்கி வண்டிகளுக்குப் பிரியும் ஹப்புக்குப் போனாள். தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. வாசலில் இருந்த மேஜைக்குப் பின்னால் சூப்பர்வைசர் ஸ்நேகா உட்கார்ந்திருந்தாள். சுப்ரியாவைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் சுப்ரியாவுக்கு மறந்துபோயிற்று.

"அந்த டிவி... சொரிமுத்து... அவர் இல்லை. நான்தான்."

"எந்தா?"

இன்னொரு முறை, மலையாளத்தில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவர் பிரிக்கச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். திருப்பிக் கொண்டுபோகிறேன் என்றார். அதற்கும் நான் வேண்டாம் என்றேன். பிறகு பொய்யாக எழுதினேன்.

ஸ்நேகா பேனாவைக் கீழே வைத்தாள். "ஏன் சொல்றீங்க இப்போ?" என்று தமிழுக்கு மாறினாள். "இது நீங்க மெயில் அனுப்பினாத்தான் மாறும். அனுப்பினா உங்களுக்கு வரப்போற டிவி கான்சல் ஆகும். உடைஞ்சது உங்க தலையில. அறியாமோ?"

"அறியாம்." தெரியும் என்று தலையாட்டினாள் சுப்ரியா.

"அப்போ அதை அவர்கிட்டயும் சொல்லுங்க. தினமும் என்கிட்ட வந்து, 'மேடம், அந்தப் பாப்பா எழுதியிருக்காது'ன்னு கேட்டுட்டு இருக்கார். கேட்டுக் கேட்டு எனக்கும் மடுத்துப்போச்சு." உள்ளே திரும்பி, "சேட்டா, ஒண்ணு வரூ" என்றாள்.

சொரிமுத்து இடுப்பைப் பிடித்தபடி வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சாட்சி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

"பாத்தியளா மேடம், நான் சொன்னேன்லா? வந்துட்டாங்க."

சுப்ரியா தரையைப் பார்த்துச் சொன்னாள். "நான்தான் எழுதினேன்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பா தூங்குதாருன்னீங்க. அவர் ஜன்னலுக்குள்ள நின்னு பெட்டியையே பாத்துக்கிட்டு இருந்தாரு. எதுக்கோ சொல்லுதாங்க, போகட்டும்னு விட்டேன். எதுக்கும்மா?"

"ராகுகாலம். அம்மா பிரிக்கக் கூடாதுன்னுட்டா. உங்ககிட்டச் சொல்ல... வெக்கமா இருந்தது."

"இதைச் சொல்லுததுக்கா? நான் வண்டி எடுக்கும்போதே ராகுகாலம் பாக்கிறவன்மா. சொல்லியிருந்தா பழவங்காடி போயிட்டு ஒரு மணிக்கு வந்திருப்பேன்லா." அவர் குரல் உயரவே இல்லை. "அதைச் சொல்ல வெக்கம். என்னைத் திருட்டுப்பயலுக்குச் சமமா எழுத வெக்கமில்லையாக்கும்."

கொட்டகைக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அவள் மன்னிப்புக் கேட்டாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

"மெயிலை இங்கேயே அனுப்புங்க" என்றார் அவர். "வீட்டுக்குப் போனா மனசு மாறும்."

அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினாள். எப்போதும் ஓடுகிற விரல்கள் ஓடவில்லை. ஓர் ஊழியர்மீது தவறான புகார் தந்துவிட்டேன் என்று தொடங்கினாள்.

"வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்தாள்.

"ஓர் ஊழியர்னா யாரு? முன்ன எழுதும்போது என் பேரைப் போட்டுத்தானே எழுதினீங்க? இதுலயும் போடுங்க."

பெயரைப் போட்டாள். மறுபடி முதலிலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, வாசித்தாள். பொய்யாக எழுதினேன் என்ற இடத்தில் குரல் உடைந்தது. அந்த வரியை இன்னொரு முறை வாசிக்க வேண்டியிருந்தது. அனுப்பினாள். சொரிமுத்து தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனார். வண்டி எப்போது திரும்பக் கிடைக்கும் என்று ஸ்நேகாவைக் கேட்டாள். "மேலே இருக்கிறவங்க நோக்கணும். என் கையில இல்லை" என்றாள் ஸ்நேகா.

வீட்டுக்கு வந்தபோது, அப்பா சுவரோரம் கிடந்த பழைய ஸ்டாண்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"புதுசு எப்போ வரதாம்?" என்றார்.

"வராதுப்பா."

"ஏன்? ஒத்துண்டாளே?"

அம்மாவும் சமையலறையிலிருந்து வந்து நின்றாள். சுப்ரியாவின் கையில் போன் இருந்தது. அதை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, அப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பக்கத்தாத்து மாமாவையும் கூப்பிடறேன்ப்பா" என்றாள். "யார் எழுதினதுன்னு அவரும் கேட்டார். ஒரு தடவைதான் என்னால சொல்ல முடியும்."